மச்சான் ரத்தம்

என் கம்பெனி அடையாள அட்டையில் ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. அது இப்போது உண்மையில்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனை பார்ப்பவன் நான். அளவு தப்பிய பாகத்தை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுவதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் கழுத்திலேயே தப்பான அட்டை தொங்கினால் எப்படி? மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்துப் பெண்ணிடம் போனேன். "பிளட் குரூப் எப்படி சார் மாறும்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நின்று விளக்க எனக்குப் பொறுமையில்லை. இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

ஆரம்பம் வெறும் சோர்வுதான். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவனுக்குச் சோர்வெல்லாம் ஒரு வியாதியா? பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது, பிரஷ்ஷை மாற்றினேன். கெண்டைக்காலில் நீலநீலமாகத் திட்டுகள் வந்தன; எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பேன் என்று விட்டுவிட்டேன். என் மனைவி மஞ்சுளாதான் நச்சரித்தாள்.

"மாமா, ஒரு மாடி ஏறறதுக்குள்ள எத்தன தடவ நிக்கறீங்க பாருங்க. ஒரு எட்டு போயி ரத்தம் குடுத்துட்டு வாங்க. உங்கள என்னா, பலி குடுக்கவா கூட்டிக்கினு போறாங்க?"

அவள் வாய்க்குப் பயந்து போனேன். சாயங்காலம் பரிசோதனை நிலையத்துக்காரன் போனில் கூப்பிட்டான். "சார், பக்கத்துல வீட்டு ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றான். எதுவாக இருந்தாலும் என்னிடமே சொல் என்றேன். வெள்ளணுக்கள் தாறுமாறாக ஏறிக்கிடப்பதாகவும், தாமதிக்காமல் பெங்களூருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும் சொன்னான். மறுநாள் காலையில் கம்பெனிப் பேருந்துகள் எதிரே வர வர, நாங்கள் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டிப் போனோம். மகள் நந்தினியை என் அக்கா வீட்டில் விட்டோம். ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன். என்னைவிடப் பெரிய புளுகன் அன்றைக்கு ஓசூரில் இருந்திருக்க மாட்டான்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம் ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரிதான். கோலாரிலிருந்து வந்தவர், அனந்தபுரத்திலிருந்து வந்தவர், தருமபுரிக்காரர் என்று எல்லாரும் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மாறி மாறிப் பேச்சு கேட்டது. ஆனால் "உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலே என்ன உடம்புக்கு என்று தெரிந்துவிடும்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் உறிஞ்சும்போது ஒரு இழுப்பு இழுக்கிறது பாருங்கள், உள்ளங்கால்வரை சுண்டியது. "ஐயோ அம்மா" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே மஞ்சுளா எழுந்து நின்றுவிட்டாளாம்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் செய்யும் பட்டறை. அணுக்கள் அங்கே பிறந்து, முற்றி, வேலைக்கு லாயக்கானதும் ரத்தத்தில் இறங்கும். எனக்கு வந்த நோயின் பெயர் அக்யூட் மைலாய்டு லுக்கேமியா. இதில் அணுக்கள் பிஞ்சிலேயே நின்றுவிடும். முற்றாது, சாகவும் சாகாது, பெருகிக்கொண்டே போகும். ஒரு இயந்திரம் கெட்டுப்போய், உதவாத பாகமாகத் துப்பித் துப்பி, நல்ல பாகம் வைக்க இடமில்லாமல் லைன் முழுக்க அடைத்துக்கொள்வது மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். சிவப்பணு குறைந்ததால் மூச்சு வாங்கியிருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்ததால் ஈறு கசிந்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் எதிர்த்துப் போராட உடம்பில் ஆளில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் டாக்டர் வசுந்தரா. குள்ளமானவர், வேகமாக நடப்பார். கன்னடம் வீட்டு மொழி. தமிழ், எங்கள் பக்கத்து நோயாளிகளோடு பேசிப் பேசியே வந்ததாம். ரத்தப் புற்றுநோயிலேயே ஆராய்ச்சி செய்பவர். ஒளிக்கத் தெரியாது, கேட்டதற்கு உள்ளதை அப்படியே சொல்லிவிடுவார். அது நல்ல குணம் என்று அப்போது நினைத்தேன்.

முதல் சுற்று மருந்து ஏற்றுவதற்காக என்னைக் கண்ணாடி அறைக்குள் போட்டார்கள். மருந்து கெட்ட அணுவை மட்டும் பார்த்துக் கொல்லாது, நல்லதையும் சேர்த்துத் துடைத்துவிடும். அது மறுபடி முளைக்கும்வரை வெளிக்காற்றுகூட ஆபத்து. அதனால் இரண்டு கதவுகள். திறக்க முடியாத ஜன்னல். காற்றை வடிகட்டும் இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். நெஞ்சில் ஒரு குழாயை இறக்கி, அதிலிருந்து கம்பத்தில் தொங்கும் பைகளுக்கு இணைத்திருந்தார்கள். கழிப்பறைக்குப் போனால் கம்பமும் கூட வரும். பூ கூடாது, பழம் கூடாது, தயிர் கூடாது, வீட்டிலிருந்து வந்த விபூதிப் பொட்டலம்கூட உள்ளே வரக் கூடாது.

மாடு கட்டுத்தறியிலாவது கொஞ்சம் சுற்றி வரும். எனக்கு அதுவும் கிடையாது. ஜன்னலில் நெடுஞ்சாலை தெரிந்தது. ஓசூர் பக்கம் போகும் பேருந்துகளைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிற தூரம். போக முடியாது. சில சமயம் அந்தக் கண்ணாடியைக் கம்பத்தால் அடித்து உடைத்துவிடலாம் போல வெறி வந்தது. சாவைவிட அந்த அறையில் சாவதை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்தேன். இதை வெளியே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

மஞ்சுளா ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். என் துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, காயவைத்து, பனியன் ஜட்டிகூட விடாமல் இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்புவாள். கிருமி போக வேண்டுமாம். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு மடிப்பாக உடுத்தியதில்லை. என் ஷிப்ட் ஆட்கள் எல்லை தாண்டி வந்து வரிசையாகத் தட்டணு கொடுத்துவிட்டுப் போனார்கள். செலவைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே, "நீங்க மொதல்ல உசுரோட வாங்க, அப்பறம் சேந்து அழுவலாம்" என்று மஞ்சுளா அடக்கிவிடுவாள்.

முதல் சுற்றில் நோய் அடங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று துள்ளினேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

"அடங்கிருக்கு, போகல" என்றார். "லுக்கேமியால பல வகை இருக்கு. எந்த வகைன்னு மரபணுவப் பாத்துச் சொல்றோம். உங்களுது திரும்பி வர்ற வகை. திரும்பி வந்தா மருந்துக்கு மசியாது. இப்ப அடங்கி இருக்கறப்பவே உங்க மஜ்ஜைய முழுசா அழிச்சுட்டு, வேற ஒருத்தரோட, ரத்தம் உண்டாக்கற மூல அணுக்கள ஏத்தணும். அதுக்கு அவங்க உடம்பு உங்க உடம்போட பொருந்தணும், ரத்த வகை வேறயா இருந்தாலும் பரவால்ல."

கூடப் பிறந்தவர்களில்தான் முதலில் பார்ப்பார்கள். எனக்கு இருப்பது ஒரே அக்கா, பொருந்தவில்லை. முன்பின் தெரியாதவர்கள் தானம் தருவதாகப் பெயர் பதிந்து வைத்திருப்பார்களாம். அதிலும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளை பாதி பொருந்தும், அதை வைத்தும் செய்வதுண்டு, ஆனால் நந்தினி சின்னக் குழந்தை. கடைசி வழியாக அதை வைத்துக்கொள்ளலாம், முழுசாகப் பொருந்துகிறவர் கிடைத்தால் உங்களுக்கு நல்லது என்றார் டாக்டர். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தமா?"

எனக்குச் சுருக்கென்றது. எந்த டாக்டரிடம் போனாலும் சொந்தத்தில் கட்டியதற்கு ஒரு பாட்டு உண்டு. "ஆமாங்க. தெரியாமப் பண்ணிட்டாங்க, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். "திட்டறதுக்குக் கேக்கல, மாதேஷ். என் ஆராய்ச்சியே அதுதான். சொல்லுங்க."

எங்கள் குடும்பத்தைச் சொல்வது சுலபமில்லை. அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர். என் அப்பா தன் முறைப்பெண்ணான என் அம்மாவைக் கட்டிய அதே பந்தலில், அம்மாவின் அண்ணன் என் அப்பாவின் தங்கையைக் கட்டினார். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. எங்கள் பக்கம் சாதாரணம். அந்த மாமாவுக்கும் அத்தைக்கும் பிறந்தவர்கள்தான் மஞ்சுளாவும் அவள் தம்பி முனிராஜும். முறைப்பெண் மஞ்சுளாவை நான் கட்டிக்கொண்டேன். ஆக, என் அப்பாவின் தங்கையே எனக்கு மாமியார். மாமா காலமாகிவிட்டார். என் அப்பா அம்மாவும் இல்லை. இப்படிப்பட்ட குடும்பத்தில் யாரோடும் தனியாகச் சண்டை போட முடியாது. மாமியாரை ஒரு வார்த்தை சொன்னால், செத்துப்போன அப்பாவின் தங்கையைச் சொன்னதாகிவிடும்.

டாக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாகப் போட்டுக் கோடு இழுத்தார். கோடுகள் குறுக்கே குறுக்கே போனதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. என் நோயைப் பற்றிப் பேசும்போது அந்த முகம் மலர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு எந்த ரெண்டு வீட்டு ரத்தமோ, அதே ரெண்டு வீட்டு ரத்தந்தான் முனிராஜுக்கும்" என்றார். "கூடப் பொறந்தவங்க பொருந்தாதவங்களுக்கு, சொந்தத்துல கட்டின குடும்பத்துல இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடினா ஆள் கெடைக்குமான்னுதான் நான் பாத்துட்டு இருக்கேன். சொந்தத்துல கட்டறதால பொறக்கற கொழந்தைகளுக்குக் கஷ்டம் வரலாம், அத நான் இல்லன்னு சொல்லல. இந்த ஒரு விஷயத்துல மட்டும் அது உங்களக் காப்பாத்தலாம்."

முனிராஜ் கேழ்வரகு விளைவிப்பவன். கதிர் முற்றிய காலம். யானை இறங்காமல் காவல் இருக்க வேண்டியவன். அக்கா மஞ்சுளா போன் போட்டதும் பக்கத்துக் காட்டுக்காரனிடம் காவலைச் சொல்லிவிட்டு, இருக்கும் ஒன்றிரண்டு பஸ்ஸில் ஒன்றைப் பிடித்து வந்துவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சுவரில் இருந்த இன்டர்காம் ரிசீவரை எடுத்தான்.

"என்னா மாமா, ரத்தந்தான வேணும்? மாட்டுக்கொட்டாயில உண்ணி குடிக்கற ரத்தத்த நீங்க குடிச்சுட்டுப் போங்களேன்."

சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். மஞ்சுளாவுக்கும் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அவனுடையது முழுசாகப் பொருந்தியது. மஞ்சுளா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நானும் அழுதேன். பிழைத்துவிட்டேன் என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன்.

எல்லாம் அத்தைக்குத் தெரியும்வரைதான்.

நோய் தலைதூக்காமல் இருக்க எனக்கு இன்னொரு சுற்று மருந்து ஏற்றி, அதில் காய்ச்சல் வந்து, மறுபடி அதே கண்ணாடி அறைக்குள் கிடந்தேன். மஞ்சுளா இன்டர்காமில் பேசினாள். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா ஊருல என்னா சொல்லிக்கினு இருக்கு தெரியுமா மாமா? முனிராஜு ரத்தம் உங்க உடம்புல ஓடிச்சுன்னா நீங்க அவனுக்குக் கூடப்பொறந்தவன் ஆயிடுவீங்களாம். அப்ப எனக்கு அண்ணன் மொறையாம். அண்ணன் தங்கச்சி எப்படி ஒரே வூட்ல குடும்பம் நடத்தறதுன்னு கேக்குது."

எனக்கும் சிரிப்பு வந்தது. வாய்ப்புண்ணோடு சிரித்ததில் உதடு பிளந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். ஆனால் அடுத்த நாள் சொல்லும்போது மஞ்சுளா சிரிக்கவில்லை. அத்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "மச்சானா இருந்தவன் பங்காளி ஆயிட்டா, நாளைக்குக் காட்டுல பங்கு கேக்க மாட்டானா?" என்று ஒருத்தன் முனிராஜைக் கேலி பண்ணியிருக்கிறான். முனிராஜ் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். அவன் வரவில்லை என்றால் டாக்டர் குறித்து வைத்த வாரம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் நோய் திரும்பும். திரும்பினால் நான் அவ்வளவுதான்.

சிரிக்கிற விஷயத்தில் ஒருத்தன் மாட்டிக்கொண்டு சாகப் போகிறான் என்றால் அதை எங்கே போய்ச் சொல்வது? அத்தைமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஊருக்குப் போய் அத்தையைக் கேட்கலாம் என்றால் நெஞ்சில் குழாய். கத்தலாம் என்றால் வாயெல்லாம் புண்.

கடைசியில் மஞ்சுளாவே போய், தாயையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். என் அறையின் இரண்டு கதவுகளுக்கு நடுவில் கைகழுவும் இடம் ஒன்று உண்டு. டாக்டர் அவர்களை அங்கே உட்காரவைத்துப் பேசினார். மஞ்சுளா அவர்கள் பக்கத்து ரிசீவரை எடுத்து, நானும் கேட்கட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டாள். அவர்கள் பேசுவது எனக்குச் சன்னமாகக் கேட்டது. நான் பேசியது மேஜைமேல் கொசு மாதிரி கீச்சிட்டிருக்கும், யாரும் கவனிக்கவில்லை.

அத்தை தலையில் முக்காடு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, என் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, நெசத்தச் சொல்லுங்க" என்றாள். "எம் புள்ள ரத்தம் ஏத்துனப்பறம் மாப்ள உடம்புல ஓடறது யாரு ரத்தம்?"

டாக்டருக்கு மழுப்பத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? "முனிராஜோட ரத்தந்தாம்மா" என்றார். "மாதேஷ் ஓ பாசிட்டிவ். முனிராஜ் பி பாசிட்டிவ். கொஞ்ச நாள்ல மாதேஷும் பி பாசிட்டிவ் ஆயிடுவாரு. ரத்தத்த எடுத்து மரபணு பாத்தா முனிராஜ்னுதான் காட்டும்."

உள்ளே நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"பாத்தியா!" என்று அத்தை மகள் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னா கிழவிக்குப் புத்தி மழுங்கிப்போச்சுன்ன. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. முனிராஜுன்னே காட்டுமாம்!"

டாக்டர் அவசரமாகக் கையை ஆட்டினார். "ரத்தம் மட்டுந்தாம்மா. தோலு, முடி, மூளை, அவருக்குப் பொறக்கற கொழந்தை எல்லாம் மாதேஷோடதேதான். மொறையெல்லாம் மாறாது."

"அத நீங்க எப்படிச் சொல்ல முடியும்? மொற உங்க படிப்புலயா வருது?"

முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ம்மா, சும்மா இரும்மா" என்றான், அது அவனுக்கே கேட்டிருக்காது. "ஊருப் பெரியவங்களக் கேட்டுட்டு ஒரு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று அத்தை எழுந்தாள். ஒரு மாசம்! நான் ரிசீவரில் "அத்தே, அத்தே" என்று கத்தினேன். கண்ணாடியைத் தட்டினேன். கம்பத்தில் எதுவோ இழுபட்டு இயந்திரம் பீப் பீப் என்று அலறியது. உள்ளே ஓடி வந்த சிஸ்டர் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அப்போதுதான் மஞ்சுளா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சரிம்மா. நீ சொல்றதே மொறன்னு வெச்சுக்கலாம்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அவரு எனக்கு அண்ணனாவே இருந்துட்டுப் போவட்டும். தாலியக் கழட்டி மாதேஸ்வரன் கோயில் உண்டியல்ல போட்டுடறேன். தங்கச்சியா இருந்து அவருக்குச் சோறாக்கிப் போடறேன். நந்தினிக்கு அத்தன்னு சொல்லிக்கறேன். புருசனாச் சாவறதுக்கு, அண்ணனாப் பொழச்சுக் கெடக்கட்டும் அந்த மனுசன். இப்ப சொல்லு, முனிராஜ அனுப்புவியா மாட்டியா?"

இயந்திரத்தை சிஸ்டர் அடக்கியிருந்தாள். நான் மஞ்சுளாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னல் அவிழ்ந்து, எண்ணெய் வைக்காத தலை. அந்தப் பெண்ணுக்கு நான் இதுவரை என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அத்தை மெல்ல மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். முக்காடு நழுவியது. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு இருக்கறது ஒரே புள்ளடி" என்றாள். "முதுகெலும்ப ஓட்ட போட்டு எடுப்பாங்களாமே. அவன் இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டா? அவங்கப்பனும் இப்பிடித்தான், ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாரு, தூக்கிக்கினு வந்தாங்க. நான் யாரக் கேப்பேன்?"

அவள் பயந்தது இதற்குத்தான். மகளிடம் போய், "உன் புருஷனுக்காக என் பிள்ளையைக் கேட்காதே" என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? அதிலும் என் அப்பாவின் தங்கை. அண்ணன் மகனைச் சாக விடு என்று எப்படிச் சொல்வாள்? முறையைப் பிடித்துக்கொண்டாள், பாவம். அவளும் எங்களைப் போலவே மாட்டிக்கொண்டிருந்தாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

டாக்டர் இந்தத் தடவை அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "முதுகெலும்பத் தொட மாட்டோம்மா. சில நாள் ஊசி போடுவோம். அப்ப உடம்பு வலிக்கும், காய்ச்சல் மாதிரி இருக்கும். அப்பறம் ரெண்டு கையிலயும் ஊசி குத்தி ஒரு மெஷின்ல உக்கார வெப்போம். ரத்தம் ஒரு கையில போயி, வேணுங்கறத மட்டும் பிரிச்சுக்கிட்டு, இன்னொரு கை வழியா திரும்பி வந்துடும். சாயங்காலம் நடந்து போயிடலாம். ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆபத்து ரொம்ப ரொம்பக் கொறைவு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"சத்தியம் பண்ணிருந்தீங்கன்னா நம்பிருக்க மாட்டேன்" என்றாள் அத்தை. முனிராஜைக் கைகாட்டினாள். "அவன் அந்த மெஷின்ல உக்காரறப்ப நான் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருப்பேன். என்னை எழுந்திருன்னு யாரும் சொல்லக் கூடாது."

யாரும் சொல்லவில்லை. முனிராஜ் மெஷினில் இருந்த நேரமெல்லாம் அத்தை அவன் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். "ம்மா, காலு மரத்துப்போச்சு, வுடும்மா" என்று அவன் கெஞ்சியதாக மஞ்சுளா சொன்னாள்.

எனக்கு அதற்கு முன்பே கடுமையான மருந்து ஏற்றி, இருந்த மஜ்ஜையை முழுக்க அழித்துவிட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் திரும்பிப் போக வழி கிடையாது. புது அணு வராவிட்டால் ஆள் காலி. பெரிதாக ஏதோ ஆபரேஷன் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு பை வந்தது. சாதாரண ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றினார்கள். "இவ்வளவுதானா?" என்றேன். "இனிமேத்தான்" என்றார் டாக்டர்.

உண்மைதான். அணுக்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய் உட்கார்ந்து முளைக்க வேண்டும். அதுவரை உடம்பில் ஒன்றும் இல்லை. எச்சில் விழுங்க முடியாது. தோல் உரிந்தது. தினம் காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள். ஒன்றும் முளைக்கவில்லை என்று வரும். வடிகட்டும் இயந்திரத்தின் இரைச்சல் என் மண்டைக்குள்ளேயே ஓடியது. ஜன்னலில் ஓசூர் பேருந்துகள் போனால் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

பிறகு ஒரு காலையில் டாக்டர் வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, "மாதேஷ், உங்க மச்சான் வேலைய ஆரம்பிச்சுட்டாரு" என்றார்.

வீட்டுக்கு வந்தும் விடுதலை இல்லை. ஓசூர் வீட்டில் ஒரு அறையில் அடைத்து வைத்தாள் மஞ்சுளா. ஆட்கள் வரக் கூடாது, நந்தினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரித்தது. புது ரத்தம் என் உடம்பை வேற்றாளாகப் பார்த்துச் சண்டை போடுமாம். அதை அடக்க மாத்திரை. மச்சான் உள்ளே போயும் மாமனோடு மல்லுக்கு நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்று மஞ்சுளாவைக் கூப்பிட்டுவிட்டேன். கையிலிருந்த ஈரத் துண்டு என் மூஞ்சியில் வந்து விழுந்தது. அதன் பிறகு அவள் ரொம்ப நேரம் அழுதாள். அந்தக் கேலியை அதோடு விட்டேன்.

சாப்பாடுதான் முடியவில்லை. எதை வைத்தாலும் தகரத்தை நக்குவது போல இருந்தது. தொண்டையில் எரிச்சல் வேறு. எலும்பும் தோலுமாக ஆகிவிட்டேன். "இப்படியே போனா மறுபடி சேத்துக்க வேண்டி வரும்" என்று டாக்டர் எச்சரித்தார். மறுபடி அந்தக் கண்ணாடி அறையா என்று பயந்து வாயில் வைத்துப் பார்த்தேன். அப்படியும் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, "பொழச்சு என்னத்தக் கிழிக்கப் போறேன், போடி அந்தாண்ட" என்று மஞ்சுளாவிடம் கத்தினேன். அவள் தட்டோடு வெளியே போனாள்.

அத்தை அன்று ஊரிலிருந்து வந்திருந்தாள். கூடத்தில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். சின்ன வயதில் என்னை டேய் என்று அதட்டி வளர்த்தவள்தான். ஆனால் மாப்பிள்ளையாக ஆன நாளிலிருந்து, வாங்க போங்க, எதிரில் உட்காராதது, கதவுக்குப் பின்னால் நின்று பேசுவது என்று ஒரு மரியாதை வைத்திருந்தாள். அந்த அத்தை கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு, சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலுமாக உள்ளே வந்தாள். வந்தவள் என் கட்டில்மேலேயே, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். களியை விரலால் கிள்ளி, சின்னதாக உருட்டி, கீரையில் தோய்த்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வேணாங்க அத்தே. எறங்காது."

"டேய் மாதேசு" என்றாள். "உனக்கு வேணான்னா நீ பட்டினி கெட. உன்ன எவன் கேட்டான்? உள்ள ஓடறது எம் புள்ளையோட ரத்தம். அதப் பட்டினி போட நீ யாருடா? தொறடா வாய."

கதவோரம் மஞ்சுளா நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் பார்த்தேன். காப்பாற்ற வரவில்லை.

வாயைத் திறந்தேன். எரிந்தது. விழுங்கினேன். அத்தை அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தாள்.